பெஞ்சாகா

பக்கிரிசாமியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புஷ்பவல்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடினாள்.

"மெல்ல போ லா, பாப்பா. முட்டி வலிக்குது."

பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்துமிடத்துக் காவற்காரர் அவர். எய்ட்ஸ் நோயில் அம்மா போன பிறகு, புஷ்பவல்லியும் தம்பி கார்த்திகேசுவும் அவருடைய தகரக் கொட்டகைக்குப் பின்னால்தான் படுத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் நோய் தம்பிக்கும் இருந்தது. அதற்கு மருந்தும் இருந்தது. ஆனால் பெஞ்சாகா வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம், தாதி சொல்லிவிட்டாள். காவற்காரரை ஊரே ஜாகா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பன்னிரண்டு வயதுப் புஷ்பவல்லி. விடிந்ததும் போய் அவரைக் கிளப்பிவிட்டாள்.

"மிஸ்ஸி, ஜாகா வந்துட்டாரு."

தாதி அவருடைய காக்கி உடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று.

"இந்த ஜாகா இல்லம்மா. பெஞ்சாகான்னா புள்ளைக்குப் பொறுப்பானவங்க. அப்பா, அம்மா, சொந்தக்காரங்க."

"இவருதான் எங்கள பாத்துக்கறாரு."

"நான் போடறேன் மிஸ்ஸி," என்றார் பக்கிரிசாமி. "எங்க வேணும்னாலும் போடறேன்."

"சொந்தம் இல்லாம முடியாது அங்கிள். பையனுக்கு பெர்த் சர்ட்டிபிகேட்டும் இல்ல. மேல எழுதிப் போட்டிருக்கோம், பதில் வரட்டும்."

மழை மாதம் வந்தது. தம்பிக்கு நெஞ்சுச்சளி வந்தது. பதில் மட்டும் வரவில்லை. அவனை வார்டில் சேர்த்து, காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள். அதற்கு யாரும் பெஞ்சாகா கேட்கவில்லை. ஒரு மத்தியானம், கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அப்படியே போய்விட்டான். புஷ்பவல்லிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சவ அறை மேசையில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பாடிய யாரு எடுக்கறீங்க?"

பக்கிரிசாமி முன்னால் போய் நின்றார்.

"ஐசி இருக்கா அண்ணே?"

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் அதைப் பார்த்துப் பெயரை எழுதினார். வேறு தாள் எதுவும் கேட்கவில்லை.

"பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

பக்கிரிசாமி புஷ்பவல்லியைத் திரும்பிப் பார்த்தார்.

"பெஞ்சாகா," என்றாள் அவள்.

அந்த ஆள் தலையைத் தூக்காமல் அதையே எழுதிக்கொண்டு, "இங்க போடுங்க," என்று பேனாவை நீட்டினார்.