வெற்றிலை ஜன்னல்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இருக்கிற ஒரு மின்விசிறிக் காற்று எல்லோருக்கும் வரட்டும். இன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் உங்களை வளர்த்தவர்களுக்கு ஒரு போன் போடுவீர்கள், பாருங்கள்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஃபெமினா என்று ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். வெட்டுவதும் தைப்பதும் அவள். அளவு எழுதுவது, கம்ப்யூட்டர் பார்ப்பது எல்லாம் ஜோதி. இப்போதெல்லாம் யார் டிசைனை வாயால் சொல்கிறார்கள்? போனை நீட்டி, "இதே மாதிரி" என்கிறார்கள். யாருடைய படம் எது என்று ஜோதிக்குத் தலை சுற்றும். அதனால் எக்செல் பட்டியலில் படம் சேர்க்கிற ஒரு சின்னச் செயலியைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டாள். படத்துக்கு வாடிக்கையாளர் பெயரை வைத்துப் பொத்தானை அழுத்தினால், அந்தந்தப் பெயருக்கு எதிரே அந்தந்தப் படம் போய் உட்காரும்.

"பந்தியில உட்கார வச்ச மாதிரி வரிசையா உட்காருதுக்கா!" என்று பூரித்துப் போனாள்.

அந்தப் பந்தியில்தான் இடம் மாறியது.

திருவெள்ளறையிலிருந்து ரெங்கம்மாளும் அவருடைய தம்பி மகள் யாழினியும் வந்தார்கள். யாழினிக்குக் கல்யாணம். தாயில்லாத பிள்ளை, அத்தை ரெங்கம்மாள்தான் வளர்த்தவர். யாழினியின் அரக்குப் பட்டு ஜாக்கெட்டுக்கு முதுகில் வெற்றிலை வடிவத்தில் ஒரு ஜன்னல், கீழே குஞ்சம். அத்தையின் பச்சைப் பட்டுக்கு முழுக்க மூடிய முதுகு.

"நல்லா கழுத்து வரைக்கும் மூடிடும்மா," என்று ரெங்கம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். காரணம் இருந்தது. யாழினி தவழ்கிற வயதில் அடுப்பிலிருந்து சோற்றுப் பானை சரிந்தபோது, குழந்தையை வாரி மடியில் பொத்திக்கொண்டு, கொதிக்கிற கஞ்சிக்குத் தன் முதுகைக் கொடுத்தவர் அவர். அந்தத் தழும்பை ஊர்க் கண்ணில் காட்டியதே இல்லை.

பட்டியலில் அத்தை பெயர் முதலில் இருந்தது, பெண்ணின் பெயர் அடுத்து. ஜோதிக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணின் பெயரல்லவா முதலில் வர வேண்டும்? யாழினியின் வரியை மேலே தூக்கி வைத்தாள். பெயரும் அளவும் மேலே போயின. படங்கள் நகரவில்லை. ஆள் எழுந்து இடம் மாறினாலும் இலை போட்ட இடத்திலேயே கிடக்குமே, அப்படி.

ஃபெமினாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "ஏண்டி ஜோதி, அத்தைக்கா ஜன்னல்?"

"படத்துல அப்படித்தான்க்கா இருக்கு. இப்பல்லாம் பெரியவங்கதான் கலக்குறாங்க."

கல்யாணத்துக்கு முதல் நாள் யாழினியோடு வாங்க வந்த ரெங்கம்மாள், தன் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் வெற்றிலை ஜன்னல், கீழே குஞ்சம்.

"காவேரிக் காத்து வரட்டும்னு வச்சீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜாக்கெட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். "நான் பந்திப் பக்கம் பாத்துக்கிறேன் யாழு. மேடைக்கு உன்னை சித்தி கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"நீங்க கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகலன்னா நான் மேடையே ஏற மாட்டேன்."

"முந்தானையைப் போர்த்திக்கிட்டா தெரியாதுங்களே," என்றாள் ஜோதி, அழுகிற குரலில்.

"அட்சதை போடக் கையைத் தூக்கினா நழுவிடுமே தாயி."

ஃபெமினா இரண்டு ஜாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். "யாழினியோடது மூடித்தான் இருக்கு, அதை வெட்டிடலாம். வெட்டினதை மூடுறதுதான் கஷ்டம். பச்சைத் துணி ஒரு சாண்கூட மிச்சமில்லைங்க."

யாழினி யோசித்தாள். "என் முதுகுல வெட்டுற துண்டு எங்க போகும்?"

"குப்பைக்குத்தான்."

"அதை அத்தை ஜன்னல்ல வச்சுத் தைங்க."

ஃபெமினா நிமிர்ந்தாள். "ரெண்டும் ஒரே வெற்றிலை அட்டையை அளவா வச்சு வெட்டுறதுதான். ஆனா மடிச்சுத் தைக்கச் சுத்திலும் துணி வேணுமே. துண்டு பத்தாது."

"அப்ப என் ஜன்னலை ஒரு விரல் பெருசா வெட்டுங்க."

"அடியே! ஏற்கனவே அது ஜன்னல் இல்ல, வாசக்கதவு!" என்றார் ரெங்கம்மாள். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அப்புறம் என்ன? ஃபெமினா கத்தரியை எடுத்தாள். அரக்குப் பட்டிலிருந்து ஒரு வெற்றிலை பிரிந்து வந்து பச்சைப் பட்டில் சேர்ந்தது. குஞ்சம் அத்தையை விட்டுப் பெண்ணிடம் போனது.

மறுநாள் முகூர்த்த மேடைக்கு யாழினியைக் கைபிடித்து நடத்திப் போனவர் ரெங்கம்மாள்தான். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குப் பெண்ணின் முதுகில் ஒரு வெற்றிலை அளவு வெளிச்சம். அத்தையின் முதுகில் அதே வெற்றிலை, சிவப்பாக. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன மாடலுங்க? எங்கயும் பாத்ததில்லையே?"

"என் பொண்ணு குடுத்தது," என்றார் ரெங்கம்மாள், முந்தானையை இழுத்துக்கூட விடாமல்.

கூட்டத்தில் நின்ற ஜோதி அந்த இரண்டு முதுகையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் போனதும் பட்டியலில் முதல் வரியில் அதைச் சேர்த்தாள். இந்தத் தடவை, 'படமும் கட்டத்தோடு நகரட்டும்' என்று செயலியில் இருந்த சின்னப் பெட்டியில் மறக்காமல் டிக் அடித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் என்றைக்கும் உலை கொதிக்கட்டும், ஒருத்தர் மேலும் சிந்தாமல் இருக்கட்டும். தாங்கிக்கொள்ள ஒரு முதுகும், அதை மூடிவிடத் தன்னில் ஒரு துண்டு கொடுக்கிற பிள்ளையும் உங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கும் குறையாமல் இருக்கட்டும்.