கால்சியம் பத்து புள்ளி நான்கு

வாசலில் முதியோர் இல்லத்து வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது.

உள்ளே, கட்டிலில் உட்கார்ந்திருந்த வாட்ச்காரர் தன் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி யாரு? வாட்சை ரிப்பேருக்குக் கொண்டாந்தீங்களா?"

மகன் அப்பாவின் சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்காரர் இப்படி ஆகிக் கொஞ்ச நாளாகிறது. எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம், மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கம். பேச்சில் தடுமாற்றம். நேற்று கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனார். மகன் உடனே இல்லத்துக்குப் போன் போட்டான். சேர்ப்பதற்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். டாக்டரம்மா வந்திருந்தார்.

"சுகர், தைராய்டு, உப்பு, கால்சியம், எல்லாம் பார்த்தாச்சு டாக்டர். எல்லாம் நார்மல். அப்போ மூளைதானே..." என்றான் மகன்.

"டாக்டர்!" வாசற்படியிலிருந்து வெடித்தது ஒரு குரல். அவன் தங்கை. "பெத்த அப்பாவை வேன்ல ஏத்த இவ்வளவு அவசரமான்னு அவர்கிட்ட கேளுங்க."

"மத்தியானம் வந்து ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போறவங்களுக்கு என்ன தெரியும்னு அவகிட்ட கேளுங்க டாக்டர்."

அம்மா போன பிறகு அப்பா யார் வீட்டில் இருப்பது என்று மூண்ட சண்டை அது. அண்ணன் ஜெயித்தான். அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. அண்ணன் வேலையில் இருக்கும் மத்தியான நேரத்தில் தங்கை வருவாள், அவன் திரும்புவதற்குள் போய்விடுவாள். எதிர்ப்பட்டால், நடுவில் நிற்பவர் தூதுவர்.

"நான் வைத்தியம் பார்க்க வந்தேனா, தூது போக வந்தேனா?" என்றபடி டாக்டர் குனிந்து, வாட்ச்காரரின் கணுக்காலை விரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

டாக்டர் பேனாவை மூடினார். "கால் வீங்கியிருக்கே. புரோட்டீன் பார்த்தீங்களா?"

"அது இந்த டெஸ்ட்ல இல்ல டாக்டர்."

"நான் பார்த்தேன்" என்றாள் தங்கை. "வீக்கத்தைப் பார்த்துட்டு வேற லேப்ல குடுத்தேன். ஆல்புமின்ங்கற புரோட்டீன் ரெண்டுதான் இருக்கு, நாலு இருக்கணுமாம். நல்லா சாப்பிட வைங்கன்னாங்க."

"கால்சியம் எவ்வளவு?"

"பத்து புள்ளி நாலு" என்றான் அண்ணன். "பத்தரை வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கே?"

"ஆல்புமின் சரியா இருந்தா ஓகே." டாக்டரின் குரல் மாறியிருந்தது. "ரத்தத்துல கிட்டத்தட்ட பாதி கால்சியம் புரோட்டீன் மேல உக்காந்துதான் போகும். சேட்டை பண்றது உக்காராம திரியற மீதி. லேப்காரங்க ரெண்டையும் சேர்த்துத் தலை எண்ணுவாங்க. ஒரு பஸ்ல சீட்டைப் பாதியாக்கிட்டு, அதே கூட்டத்தை ஏத்தினா?"

"நிக்கறவங்க ஜாஸ்தியாகும்..."

"அதான் இங்க நடக்குது. ஆல்புமினுக்குத் தகுந்தபடி திருத்தினா, உங்க பத்து புள்ளி நாலு பன்னிரண்டு. தாகம், மலச்சிக்கல், இந்தக் குழப்பம், எல்லாத்துக்கும் இதுவே காரணமா இருக்கலாம். ஆனா இது கணக்குதான். திரியற கால்சியத்தை நேரா அளந்தாதான் நிச்சயம். என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

"எலும்பு டாக்டர் எழுதினது. காலைல கால்சியம், வாரம் ஒரு தடவை வைட்டமின் டி."

தங்கையின் முகம் வெளுத்தது. "அதையேதான் நானும் மத்தியானம் குடுக்கறேன். அண்ணன் வேலை அவசரத்துல மறந்துடுவார்னு... ஆரம்பத்துலேர்ந்தே."

"வைட்டமின் டியை ரெண்டு மாசத்துல நிறுத்தச் சொல்லியிருப்பாரே?"

இருவருமே நிறுத்தியிருக்கவில்லை. தூது விடக்கூட ஒன்றும் இல்லை.

டாக்டர் ஜன்னலைத் திறந்தார். "டிரைவரண்ணே! ரூட் மாறுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"எனக்கு இல்லத்துக்குன்னுதானே சொன்னாங்க?"

"நோயாளி வண்டிலதானே இருக்கப்போறார்? விடுங்க!"

வேன் பறந்தது. வாட்ச்காரருக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மகள். வழியெல்லாம் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மெஷினிலிருந்து வந்த எண்ணைப் பார்த்து, கூடவே வந்திருந்த டாக்டரம்மா தலையசைத்தார். திரியும் கால்சியம் எக்கச்சக்கம். உடனே டிரிப்ஸ் ஏறியது. மாத்திரைகள் நின்றன.

"சரியாயிடுவாரா?" அண்ணன் கேட்டான்.

"சத்தியம் பண்ண மாட்டேன். வைட்டமின் டி மெதுவாத்தான் இறங்கும். ஆல்புமின் ஏன் குறைஞ்சுதுன்னும் தேடணும். ஆனா மூளை போயிடுச்சுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சில நாள் கழிந்தது. ஒரு காலையில் வாட்ச்காரர் கண் விழித்து மகனையே பார்த்தார்.

"ஏன்டா, ஷேவ் பண்ணலையா?"

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தங்கைதான் கேட்டாள். "ஏம்ப்பா, ரெண்டு பேர் குடுத்ததையுமா முழுங்கினீங்க? சொல்லக்கூடாதா?"

"உன்னுதை வேணாம்னா நீ அழுவே. அவன்தை வேணாம்னா அவன் கத்துவான். மாத்திரைதானேன்னு முழுங்கிட்டேன்."

அண்ணன் சட்டென்று தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"சரி, இனிமே மாத்திரை ஒரே டப்பாதான். நீயே வெச்சுக்கோ. இல்லத்துக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

"மத்தியானம் வரை யார் பார்த்துக்கறது? அதையும் இப்பவே பேசிடுவோம்!"

நர்ஸ் எட்டிப் பார்த்து, "மெதுவா பேசுங்க" என்றார்.

"விடும்மா" என்றார் வாட்ச்காரர். "ரொம்ப நாள் கழிச்சுப் பேசிக்கறாங்க."