ஃபரஜின் அம்மா

பாலஸ்தீனத்து நாப்லுஸில் எங்கள் தெருவில் நுஹாதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதிலேயே அவள் கணவன் அத்னான், "மூத்தது பையன்தான். ஃபரஜ்னு பேர்" என்று ஊருக்கே சொல்லிவிட்டான். மூத்த மகன் பெயரால் அழைக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, அன்றிலிருந்து அவன் அபூ ஃபரஜ், ஃபரஜின் அப்பா. அவள் உம்மு ஃபரஜ், ஃபரஜின் அம்மா. ஃபரஜ் என்றால் கஷ்டத்துக்குப் பின் வரும் விடிவு. வருஷங்கள் ஓடின, பிள்ளை பிறக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரிலிருந்து வைத்தியம் பார்த்த டாக்டர் வரை அவளை அப்படியே அழைத்தார்கள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அத்னானின் தம்பி மனைவி ரூலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நுஹாத்தான் அரிசிமாவுப் பாயசம் காய்ச்சி, மேலே வால்நட் தூவி எடுத்துப் போனாள்.

"பேரு என்ன?"

"ஃபரஜ், அக்கா."

"அது என் பேருடி!"

"உங்க பேரு நுஹாத் இல்லையா? ஃபரஜ்ங்கிற பேரு எத்தனை வருஷம்தான் சும்மா கிடக்கும்?" சொன்ன பிறகு ரூலாவுக்கே முகம் சுருங்கிவிட்டது.

நுஹாத் கிண்ணத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"உங்க தம்பிகிட்டப் போய் பேரை மாத்தச் சொல்லுங்க."

"என்னைக் கேட்டுத்தான் வச்சான்" என்றான் அத்னான். "ஃபரஜ்னு கூப்பிட்டா ஓடி வர ஒரு பிள்ளை வேணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அவள் அன்று சாப்பிடவில்லை. ரூலாவின் பால் கட்டிய மார்பும், தூக்கம் கெட்ட கண்களும்கூட அவளுக்குப் பொறாமையைக் கிளப்பின.

காய்கறிக் கடையில் ஒருநாள், "உம்மு ஃபரஜ்!" என்ற குரலுக்கு நுஹாதும் ரூலாவும் ஒன்றாகத் திரும்பினார்கள். "உங்களை இல்லம்மா, பிள்ளைக்கார உம்மு ஃபரஜை" என்றார் கடைக்காரர். நுஹாத் கூடையைக் கீழே வைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்று கடையில் நின்றவர்கள் அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னாள். "இனிமே நான் நுஹாத். வேற எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்."

அப்படியே இருந்தாள். அத்னான்கூட கதவருகில் நின்று, புது மாப்பிள்ளைபோல் தயங்கித் தயங்கி, "நுஹாத், டீ இருக்கா?" என்று கேட்கப் பழகினான்.

பையன் இப்போது நடக்கிறான். நேராக அவள் மடிக்குத்தான் வருகிறான். "வாடா ராஜா" என்று ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறாள். அவன் பெயரை மட்டும் அவள் வாய் இன்றுவரை சொன்னதில்லை.