மூன்றாம் தளத்துக் கதவுகள்

பயணிகள் பாறையோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனதோடு கப்பலை அதையொட்டி ஓட்டிய கேப்டன், பாறை கப்பலுக்குள் வந்ததும் முதல் படகிலேயே கிளம்பிவிட்டார். கரையிலிருந்து மேற்பார்வை பார்க்கப் போகிறாராம்!

பட்டப்பகல் மூன்று மணி. பன்னிரண்டு மாடிச் சொகுசுக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. தண்ணீர் இரண்டாம் தளத்தில்.

அறை துப்புரவுக்காரி தன் கணவனைத் தேடி மேல்தளத்தை மூன்று முறை சுற்றிவிட்டாள். சலவைப் பிரிவில் இரவு ஷிப்ட் முடித்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூன்றாம் தளத்துப் பணியாளர் அறையில் தூங்கும் மனுஷன். இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பார்.

கீழே போயிருந்த மீட்புக்குழு மூச்சு வாங்க ஏறி வந்தது.

"மூன்றாம் தளம் முடிஞ்சுது. எல்லாக் கதவுலயும் 'ஆள் இல்லை' அட்டை தொங்குது" என்றார் குழுத்தலைவர்.

அவள் மேலாளரிடம் ஓடினாள்.

ஆபத்து வந்தால் அறையைத் திறந்து பார்த்து, யாரும் இல்லையென்றால்தான் அட்டை மாட்ட வேண்டும். அட்டை இல்லாத கதவை மட்டும் மீட்புக்குழு தட்டும். ஆனால் நாளைக்கு ஒத்திகை. வேகமான பிரிவுக்குக் கோப்பை. அதன்மேல் கண் வைத்த மேலாளர், காலையிலேயே எல்லா அட்டையையும் மாட்டச் சொல்லிவிட்டார். வாசனைத் திரவியத்திலேயே குளிக்கும் அந்த மேலாளருக்குப் பணியாளர்கள் வைத்த பெயர் சென்ட்டு.

மாட்டியது அவள். கணவனின் கதவிலும்கூட.

சென்ட்டு மைக்கில் 'பதற்றம் வேண்டாம்' என்று பதறிக்கொண்டிருந்தார்.

"சார், அதெல்லாம் காலையில மாட்டின அட்டை. உள்ள என் வீட்டுக்காரர் தூங்குறார். நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க, நீங்க சொல்லுங்க!"

"மெதுவாப் பேசும்மா. அவரே எழுந்து வந்திருப்பார்."

"அவரா? கல்யாணத்தன்னைக்கே தட்டி எழுப்பித்தான் கூட்டிட்டு வந்தாங்க!"

"இப்ப இதைச் சொன்னா என் பேர் என்னாகும்? பதினஞ்சு வருஷ சர்வீஸ்மா."

"முழுகுற கப்பல்ல உங்க பேரை எங்க சார் மாட்டி வைக்கப் போறீங்க?"

மைக்கைப் பிடுங்கினாள். பறிக்க வந்த அவர் கையை அவள் உதறியதில் பாதிக் குரலும் கீச்சென்ற சத்தமுமாகக் கப்பல் முழுக்கக் கேட்டது.

"மூன்றாம் தளத்து அட்டை எல்லாம் பொய்! பார்க்காமலே மாட்டினது. உள்ள ஆள் இருக்காங்க. கதவை உடைங்க!"

குழுத்தலைவர் சென்ட்டை ஒரு பார்வை பார்த்தார். கோடரியோடு நான்கு பேர் இறங்கினார்கள்.

இருபது நிமிடம். ஏழு பேர் ஏறி வந்தார்கள், முழங்காலளவு நனைந்து. கடைசி ஆள் அவள் கணவன். லுங்கியும் ஒரு தலையணையுமாக.

அதற்குள் சென்ட்டு படகில் இருந்தார். குழந்தைகளுக்கு முன்னுரிமை அல்லவா? யாரோ பெற்ற குழந்தையை மடியில் இறுக்கி வைத்திருந்தார். அது வாசனை தாங்காமல் தும்மிக்கொண்டிருந்தது.

கணவன் காதுப் பஞ்சை எடுத்தார்.

"கதவுல 'ஆள் இல்லை'ன்னு அட்டை தொங்குச்சே. எந்தப் புண்ணியவான் மாட்டினான்?"

"நான்தான்."

"உள்ள நான் இருக்கேன்னு தெரியாதா?"

"தெரியும். சார் மாட்டச் சொன்னார்."

"சொன்னா மாட்டிடுவியா?"

அவர் அவளையே பார்த்தபடி, தலையணையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தனியாகப் போய் அடுத்த படகின் வரிசையில் நின்றார்.