ஒன்பதாம் நாள் நின்ற சத்தம்

என் வீட்டுக்காரருடைய காதைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக நான் குறைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் ஆலையில் அவர் மெக்கானிக், நான் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருபவள். நூறு மெஷின் ஒரே கூரைக்குக் கீழே ஓடும் இரைச்சலில், அவர் மட்டும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடப்பார். ஏதாவது மெஷின் மக்கர் செய்தால் பஞ்சை எடுத்துவிட்டு அதன் பக்கத்தில் குனிவார். "பேரிங் போகுது, இன்னும் நாலு நாள் தாங்கும்" என்பார். சொல்லி வைத்த மாதிரி நாலாம் நாள் அது போகும். ஆலையில் அவருக்குப் பஞ்சுக்காது என்று பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

ஒரு நாள் கழற்றி வைத்திருந்த மெஷின் ஒன்று சரிந்து அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. சின்னக் காயம் என்று தானே கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாள் நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன், கேட்டால்தானே. சீழ் எலும்பு வரை இறங்கி, காய்ச்சல் ஆளைத் தூக்கிப் போட்ட பிறகுதான் படுக்க வைத்தோம். காலை எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி. காதில் இரைச்சல் வந்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் முதல் நாள் சொன்னார். நான் எங்கே அதையெல்லாம் காதில் வாங்கினேன்? நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் சீழ் குறைந்தது. அந்த மருந்துப் பாட்டிலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. இன்னும் ஐந்து நாள் போட வேண்டும் என்றார்கள்.

அவருடைய பிரச்சினை வேறு. பக்கத்துக் கட்டில்காரருக்கு மருந்து ஏற்றும் சின்னப் பெட்டி ஒன்று கம்பத்தில் மாட்டியிருந்தது. அதிலிருந்து விடாமல் ஒரு கீச்சுச் சத்தம் வருகிறது, தூங்க முடியவில்லை என்று வந்த நாளிலிருந்தே புலம்பல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸுக்கும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், "எனக்கு என் வயித்து சத்தம்தான் சார் கேக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் நர்ஸ் ஊசியோடு வந்தபோது இவர் நல்ல குஷியில் இருந்தார்.

"ஒருவழியா அந்தப் பெட்டியை ரிப்பேர் பண்ணிட்டீங்க போல. யாரு சிஸ்டர் பண்ணது? சுத்தமான வேலை."

"யாரும் தொடலையே சார்."

"அப்ப வேற பெட்டி மாத்தியிருப்பாங்க."

"அதே பெட்டிதான். நம்பர் பாருங்க."

அவர் முகம் மாறியது. நொண்டிக்கொண்டே எழுந்துபோய்ப் பெட்டியின் மேல் காதை வைத்தார். முதலில் வலது காது, பிறகு இடது. ஆலையில் மெஷினிடம் குனிகிற அதே குனிவு. பக்கத்துக் கட்டில்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எந்த மெஷினும் தானா சரியாகாது சிஸ்டர்," என்றார் நிமிர்ந்து. "யாரும் கை வைக்காம சத்தம் நின்னிருக்குன்னா, கோளாறு என்கிட்டதான். காதைப் பத்தி முதல் நாள் சொன்னீங்களே, அதுதான் இது. இன்னிக்கு ஊசி போடாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

எனக்கு வந்ததே கோபம். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? ஊர்ல ஒருத்தருக்கும் கேக்காத சத்தம் உங்களுக்கும் கேக்கலன்னா என்ன குடியா முழுகிப்போச்சு? கால் இருந்தாதானே ஆலைக்குப் போவீங்க?"

"காது இல்லாம அங்க போய் என்ன செய்ய?" என்றார்.

டாக்டரம்மா வந்தார். எப்போதும் கால் தரையில் பாவாமல் ஓடுகிறவர், அன்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இருபது வருஷமா இந்த மருந்தைக் கொடுக்கறேன்," என்றார். "முதல்ல போறது கீச்சுன்னு வர்ற ரொம்ப மெல்லிசான சத்தங்கள்தான். அது போறது யாருக்குமே தெரியாது. பேசறது கேக்கலன்னுதான் எல்லாரும் வந்து சொல்வாங்க. அதுக்குள்ள நிறைய போயிருக்கும், போனது திரும்பாது. அந்த முதல் சத்தம் போனதையே பிடிச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்." அவர் குரல் தணிந்திருந்தது. பெரிய படிப்புப் படித்த அந்த அம்மாள் என் வீட்டுக்காரருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியை நிறுத்திவிட்டார். லேப் ரிப்போர்ட்டின்படி இன்னொரு மருந்துக்கும் இந்தக் கிருமி சாகும், ஆனால் எலும்புக்குள் அது மெதுவாகத்தான் வேலை செய்யும், காய்ச்சல் திரும்பினாலும் திரும்பலாம் என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "காது கொஞ்சம் போனா போகட்டும் டாக்டர். கால் இருந்தா போதும். பழைய மருந்தையே போடுங்க," என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மதியம் காதைச் சோதித்தார்கள். அவர் சொன்னது சரி, கேட்கிற சத்தங்களின் உச்சியில் ஒரு துண்டு போயிருந்தது. பதினோராம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. சொல்ல வேண்டியது, சொல்லக்கூடாதது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், சொல்லிவிட்டு வராந்தாவில் போய் அழுதேன். பதினாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. புண் மெல்ல ஆறியது. கால் தப்பியது.

காது தப்பியதா என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தின பிறகும் அந்த மருந்து காதுக்குள் தங்கியிருந்து வாரக்கணக்கில் கெடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிக்கப் போனோம்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அவர் உள்ளே ஹெட்போனோடு உட்கார்ந்தார். நான் வெளியே, சோதிக்கிறவர் பக்கத்தில். சோதிக்கிறவர் பொத்தானை அமுக்கினால் மேஜையில் ஒரு விளக்கு எரியும், சத்தம் உள்ளே போகும். கேட்டால் இவர் விரலைத் தூக்க வேண்டும். விளக்கு எரிந்தது, விரல் எழுந்தது. மறுபடி விளக்கு, மறுபடி விரல். நான் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே நின்றேன். கடைசியில் விளக்கு எரிந்தது, விரல் எழவில்லை. சோதிக்கிறவர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நின்ன அதே இடம். ஒரு புள்ளிகூட இறங்கல," என்றார். அப்போதுதான் கசக்கிய தலைப்பைக் கையிலிருந்து விட்டேன்.

"நீங்களும் ஆலையிலதானேம்மா வேலை? ஒரு தடவை உக்காந்து பாருங்க," என்றார் சோதிக்கிறவர்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. முதலில் கனமான சத்தங்கள் வந்தன, பிறகு விசில் மாதிரி சில. விரலைத் தூக்கிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தேன். அந்த மனிதர் டீ குடிக்கப் போய்விட்டாரா என்று கண்ணாடி வழியே பார்த்தால், கை பொத்தானில்தான் இருந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த விளக்கையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. "அடுத்தது எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சும்மா. கடைசியில எட்டு சத்தம் உங்களுக்குக் கேக்கல. இரைச்சல்ல உக்காந்து உக்காந்து போயிருக்கு. அந்த எட்டும் இவருக்குக் கேட்டுது. மருந்து தின்னது போக மிச்சம் இருக்கற காதுக்கே."

எட்டுச் சத்தம். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே பாயில். நான் இருப்பதைவிடப் பெரிய உலகத்தில் இந்த மனுஷன் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. அதைத்தான் போனால் போகட்டும் என்று டாக்டரிடம் பேரம் பேசியிருக்கிறேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "அதெல்லாம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மெல்லிசா இருக்கும். நீ சிரிச்சு முடிக்கறப்போ கடைசியில ஒண்ணு வரும், அந்த மாதிரி. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது இப்ப கேக்குதா?"

"நீ சிரிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. எப்படித் தெரியும்?"

சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகைதான் வந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் என் பக்கமாகக் குனிந்தார். தடுக்கவில்லை, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதுலயும் வருது," என்றார்.