மிஸ் டார்னெலின் முகம்

விரிப்புகள் தீர்ந்துவிட்டன. வீட்டில் இருந்ததையெல்லாம் போர்த்திய பிறகும் கண்ணாடிகள் மிச்சம் இருந்தன. மெண்டல் நாற்காலி மேல் ஏறி, சமையலறைத் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைக் கழற்றப் பார்த்தார். திருகு துருப்பிடித்திருந்தது.

“எத்தனை கண்ணாடிதான் மாட்டி வச்சிருந்தா இவ?” என்றார், கீழே பார்க்காமல். “இது வீடா, முடி வெட்டுற கடையா?”

ஹெர்ஷல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஹிண்டாவைக் காலையில்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். யூத வழக்கப்படி, இருவர் கோட்டிலும் மார்புப் பக்கம் துக்கத்துக்காகக் கத்தியால் கிழித்த துணி தொங்கியது. அவனுக்கு மனைவிக்காக, அவருக்கு மகளுக்காக.

எதிர்வீட்டு ப்ளோட்கின் அம்மா தன் மேசைவிரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். துக்கம் காக்கும் ஏழு நாளும் யார் முகமும் கண்ணாடியில் தெரியக் கூடாது. பிராங்ஸ் வட்டாரத்தில் மற்ற வீடுகளில் இது கால் மணி நேர வேலை.

ஹிண்டா காமிக்ஸ் வரைகிறவள். ஒரு முகத்தை வரைய வேண்டுமென்றால் அந்த முகத்தை முதலில் அவள் தன் முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொலைகாரன் வருகிற வாரம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே சூப் கிண்டுவாள். அதற்குத்தான் தொட்டிக்கு மேலும் ஒரு கண்ணாடி. ஒரு தடவை பணக்கார விதவையின் அழுகையைக் கசாப்புக் கடைக் கண்ணாடியில் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது, கடைக்காரர் வெளியே வந்து கொஞ்சம் ஈரலைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குதிரை வரைய அவளுக்குப் பிடிக்காது. அவளுடைய கௌபாய் கதைகளில் கதை ஆரம்பிக்கும் முன்பே குதிரைகள் திருடு போயிருக்கும்.

அந்தத் தொழிலில் இது பெரிய கிறுக்கும் இல்லை. வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டால்தான் கை ஓடும் என்கிற ஆள் ஒருவர் இருந்தார். தன் வில்லன் செத்தால் மறுநாள் வேலைக்கு வராதவர் ஒருவர்.

ஹெர்ஷலுக்குக் கிறுக்கு எதுவும் கிடையாது. அவள் பென்சிலில் போட்ட கோட்டின் மேல் அவன் மை போடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. ஜன்னல் வெளிச்சத்தை அவளுக்கு விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சொந்தமாக ஒரு முகம் வரைந்ததில்லை.

மத்தியானம் கிளாஸர் வந்தார். காமிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். ஒரே நேரத்தில் இரண்டு டெலிபோனில் கத்திக்கொண்டே சாப்பிடக்கூடிய மனிதர். ஆனால் துக்க வீட்டில், துக்கக்காரன் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது. கிளாஸர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹெர்ஷல் தாழ்வான மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். கிளாஸரின் உதடுகள் தாமாக அசைந்தன. தொண்டையைச் செருமினார். மெண்டல் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது.

“சொல்லுங்க,” என்றான் ஹெர்ஷல் கடைசியில்.

கிளாஸர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். வருத்தம், அதிர்ச்சி, ஆபீஸில் யாரும் சாப்பிடவில்லை, பிறகு அந்தப் பக்கம். சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். மற்ற பக்கங்கள் எல்லாம் வந்துவிட்டன. கடைசிப் பக்கம் மட்டும் இங்கே இருக்கிறது.

அது ஹெர்ஷலுக்குத் தெரியும். துப்பறியும் மிஸ் டார்னெல் ஒவ்வொரு கதை முடிவிலும், கடைசிப் படக்கட்டத்தில், திரும்பி வாசகரைப் பார்த்துப் பாதி சிரிப்பாள். அந்த முகம் ஹிண்டாவுடையது. அந்த ஒரு முகம்தான் பாக்கி. வயிற்று வலியோடு கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “இப்பச் சிரிச்சா பொய்யா வருது. வந்து போட்டுக்கறேன்,” என்று பென்சிலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது.

“ரால்ஃப்கிட்ட குடுத்துடவா?” என்றார் கிளாஸர். “ஒரு மூஞ்சிதானே. அரை மணி நேரத்துல முடிச்சுடுவான்.”

ரால்ஃப் வரையும் பெண்கள் எல்லோரும் சோப்பு விளம்பரத்தில் வருகிறவர்கள். ஹெர்ஷல் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் மை இருந்தது.

“நானே போடறேன்,” என்றான். பிறகு நினைவு வந்து மாமனாரைப் பார்த்தான். “துக்கத்துல வேலை செய்யக் கூடாதுல்ல, மாமா.”

மெண்டல் அவித்த முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பட்டறையில் காஜா எடுக்கிறவர். மகள் இந்தத் தொழிலுக்குப் போன நாளிலிருந்து அவளிடம் ஒரே சண்டை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. ஹிண்டா மேசைக்கு எதிரே அவர் முகத்தை அப்படியே வைத்துக் காட்டுவாள். அந்த முகம் இரண்டு கதைகளில் நீதிபதியாக வந்திருக்கிறது.

“கூடாதுதான்,” என்றார். ஓட்டைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தட்டில் போட்டார். முட்டை முழுசாக உரிந்தது.

“ஆனா இது என்னிக்கு வேலையா இருந்துச்சு? நானும் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன், இது ஒரு வேலையே இல்லன்னு. அவதான் ஒத்துக்கல.” முட்டையைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தார். “போ மாப்ளே.”

வரைபலகையையும் அதன் மேலிருந்த கண்ணாடியையும் சேர்த்து ஒரே விரிப்பால் மூடியிருந்தார்கள். ஹெர்ஷல் கீழ்ப்பாதியை மட்டும் மடித்துவிட்டான். கட்டத்துக்குள் தெரு, விளக்குக் கம்பம், தொப்பி, தொப்பிக்குக் கீழே வெறும் முட்டை வடிவம். கண்ணுக்கும் மூக்குக்கும் அவள் போட்ட மெல்லிய இரண்டு கோடுகள்.

பென்சிலை எடுத்தான். ஹிண்டாவின் முகம் வரவில்லை. கண் தனியாக வந்தது, உதடு தனியாக வந்தது, சேர மறுத்தது. சேர்ந்து வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்த முகமாக இருந்தது. அது வேண்டாம். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தான். மழிக்காத தாடி. மிஸ் டார்னெல் மாதிரி பாதி சிரித்துப் பார்த்தான். பல்வலிக்காரன் போலிருந்தது. விரிப்பை விட்டுவிட்டான்.

எழுந்து, பழக்கத்தில், பின்னால் தன் முக்காலியில் போய் உட்கார்ந்தான். முன்னால் அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தடையில்லாமல் அவன்மேல் விழுந்தது.

அங்கே உட்கார்ந்ததும் வந்தது. நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கழுத்துக்கு மேல் அவசரமாகச் சுற்றிய கொண்டை. அதில் செருகிய பென்சில். இடது பக்கம் எப்போதும் நழுவி விழும் ஒரு கற்றை. வலதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும் இடது தோள்.

பலகைக்குத் திரும்பி, அவள் போட்ட இரண்டு கோடுகளையும் அழித்தான். பென்சில் போடாமல் நேராக மையில் வரைந்தான்.

கிளாஸர் வந்து எட்டிப் பார்த்தார். “மூஞ்சி எங்க?”

“திரும்பிக்கிட்டா.”

கிளாஸர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெண்டல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி, எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தெருவில் மிஸ் டார்னெல் முதுகு காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

“தலையை ஒழுங்கா வாரவே மாட்டா,” என்றார்.

மை இன்னும் காயவில்லை. கிளாஸர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே காத்திருந்தார். ஹெர்ஷல் தன் மரப்பெட்டிக்குப் போய் உட்கார்ந்தான். மெண்டல் ஜன்னலோரம் நின்று, தாளை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, சூடான சூப்பை ஆற்றுவது போல, ஈரமான அந்தக் கொண்டையின் மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.