கலிங்கு தாண்டிய பந்து

பாடையைத் திருப்பிப் பிடித்த பிறகுதான் சோலையப்பன் காதில் தண்ணீர்ச் சத்தம் விழுந்தது.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தவன் அவன்தான். நேற்று விடியற்காலை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அப்பா உடையப்பன் அப்படியே சாய்ந்துவிட்டார். சின்னவன் வந்து சேரட்டும் என்று ஒரு நாள் போட்டு வைத்ததிலேயே மூத்தவனான அவனுக்கு எரிச்சல். அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை வேறு பயமுறுத்தியது.

பாதிவழிப் புளியமரத்தடியில் பாடையைத் தலைகால் மாற்றிப் பிடித்துவிட்டால், அப்புறம் பிணம் ஊர்ப்பக்கம் திரும்பக்கூடாது. அதற்கு முன்னால் ஓர் ஆளை ஓடவிட்டு, கண்மாய் நிரம்பி வழியும் கலிங்கைப் பார்த்துவரச் சொல்லியிருக்க வேண்டும். பார்க்காமலே “திருப்புங்கப்பா” என்று அவசரப்படுத்தியது சோலையப்பன்.

கலிங்குக் கரைக்கு வந்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

காலையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதில் நடந்துபோய்த்தான் வெட்டியான் சந்தனம் அக்கரைச் சுடுகாட்டில் விறகு அடுக்கினான். இப்போதோ அறுபது கஜ அகலத்துக்குச் செம்மண் வெள்ளம். இடுப்பளவு ஆழம்தான், ஆனால் ஆளைக் காலை வாரியது. இறங்கிப் பார்த்த இரண்டு பேரை இழுத்துப்போய் முள்ளுக்குள் தள்ளியது.

“ஒரு வடம் குறுக்க கெடந்தா பிடிச்சுக்கிட்டே போயிரலாம்” என்றார் வெள்ளைச்சாமி மாமா. “அதை யாருய்யா அங்கிட்டுக் கொண்டு போறது?”

கல்லில் கயிறு கட்டி எறிந்தார்கள். பாதியில் விழுந்தது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, வலை பின்ற நூலு இருக்கா?”

கேட்டது தம்பி ஆத்மநாதன். சின்ன வயதில் கொடைக்கானலுக்குப் போனவன். துரைமார்களின் மட்டைப் பையைச் சுமந்தே கோல்ஃப் ஆடப் பழகி, இந்தச் சித்திரையில் கிளப் சம்பளத்துக்கு ஆடும் புரொபஷனல் ஆனவன். அப்பாவோ ஊரெல்லாம், “சின்னவன் எஸ்டேட்ல மேஸ்திரி” என்றே சொல்லி வைத்திருந்தார். நாளைக் காலை மெட்ராஸில் அவனுடைய முதல் பெரிய பந்தயம். புறப்படும் நேரத்தில் தந்தி வந்ததால் மட்டைப் பையோடு இங்கே வந்துவிட்டான். “இழவு வீட்டுக்குக் கம்புக்கட்டோட வந்திருக்கான் பாரு” என்று மதியம் அண்ணன்தான் எரிந்து விழுந்தான்.

“நூலு எதுக்குடா?” என்றான் சோலையப்பன்.

“பந்துல கட்டி அடிக்கிறேண்ணே.”

“சாவுல வெளையாட்டாடா ஒனக்கு?”

“வெளையாட்டு இல்லண்ணே. அதான் எம் பொழப்பு.”

“மேஸ்திரி வேலையில பந்தும் அடிக்கணுமா மாப்ளே?” என்று மாமா குத்தினாலும், நூலுக்கு ஆளை விரட்டினார்.

ஆத்மநாதன் வீட்டுக்கு ஓடி, ஓர் இரும்பு மட்டையும் இரண்டு பந்துகளுமாகத் திரும்பினான். துண்டைக் கிழித்துப் பந்தை இறுக்கிச் சுற்றினான். அதில் நூலை முடிந்து, மீதியைச் சிக்கு விழாதபடி வளையம் வளையமாகத் தரையில் விரித்தான். ஒரு புல்லைக் கிள்ளி விட்டுக் காற்று பார்த்தான்.

அடித்தான். நூல் பட்டென்று அறுந்தது. பந்து மட்டும் எங்கோ போய் மறைந்தது.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நூலை மிதிச்சுட்டீங்க.”

குரலில் கோபமே இல்லை. சோலையப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். இன்றைக்கு இது இரண்டாவது தப்பு. இருப்பது இன்னும் ஒரே ஒரு பந்து. நாலு எட்டுப் பின்வாங்கினான்.

ஆத்மநாதன் அந்தப் பந்திலும் துணி சுற்றி நூலை முடிந்துவிட்டு, நெடுநேரம் அக்கரையையே பார்த்தான். வெள்ளம் அவன் கண்ணில் படவே இல்லை போலிருந்தது. தோள் சுழன்றது. ‘டக்’கென்று சுத்தமான ஒரு சத்தம்.

பந்து ஏறியது. வளையங்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழுந்து அதன் பின்னால் போயின. அக்கரையில் சந்தனம் அண்ணாந்தபடியே பின்னால் நடந்தான். பந்து அவனையும் தாண்டிப் பத்தடி தள்ளி விழுந்தது. வெள்ளத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு ஆடியது.

பாடை தூக்கியவர்கள் தோள் மாற்ற மறந்தார்கள்.

“ஆத்தாடி!” என்றார் மாமா.

ஆத்மநாதன் மட்டை பெயர்த்த புல்கட்டியை எடுத்து, அதே பள்ளத்தில் வைத்துக் காலால் அமுக்கினான். ஏதோ கோயிலில் செய்கிற காரியம் மாதிரி அவ்வளவு பதவிசாக.

அக்கரையிலிருந்து சந்தனம் இழுக்க, நூலில் கயிறு போயிற்று. கயிற்றில், கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கமலை வடம் போயிற்று. இரு கரை மரங்களிலும் அதை இழுத்துக் கட்டினார்கள். சோலையப்பன் ஒரு கையில் வடம், தலைக்கு மேல் மறுகையில் கொள்ளிச்சட்டி என்று இறங்கினான். நெருப்பு அணையவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது தம்பியிடம் கேட்டான்:

“ராத்திரி வண்டியப் புடிச்சா மெட்ராஸ் போயிரலாமாடா?”

“காலையில அப்பா சாம்பலுக்குப் பால் ஊத்திக் காடாத்தணும்லண்ணே.”



கரையேறியவர்கள் சேற்றை மிதித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார்கள். தம்பி அமுக்கி வைத்த உள்ளங்கை அகலப் புல்கட்டி ஓரம் பெயர்ந்து கிடந்தது. சோலையப்பன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, கையால் அதை அமுக்கினான்.

“ஏப்பா, இங்கிட்டு மிதிக்காதீங்க. சுத்திப் போங்க.”

கடைசி ஆள் போகும்வரை அங்கேயே நின்றான்.